துடைத்துவிட்ட உப்பு

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நான் முதலில் பார்ப்பது தரையைத்தான். பாதி கூச்சம், பாதி தொழில். கரப்பான்பூச்சிக்கு மருந்து அடிக்கிறவனுக்கு ஆளின் முகத்தைவிட அலமாரியின் அடிப்பக்கம்தான் முக்கியம். பதினோரு வருடமாக துபாயில் இந்த வேலை செய்கிறேன். வீட்டுக்காரர்களிடம் பேசுவதை என்னோடு வரும் கூட்டாளி பார்த்துக்கொள்வான். ராமநாதபுரம் பக்கத்து ஆள், என்னைவிடப் பத்து வயது சின்னவன், வாய் ஓயாது. நான் ஐந்தாவது வரை படித்தவன். எனக்கு ஆங்கிலம் வராது. தமிழிலேயே நாலு பேர் முன்னால் பேச வராது.

அன்றைக்கும் தரையைத்தான் பார்த்தேன். வாசற்படிக்கு உள்பக்கம், கதவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, விரல் தடிமனில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தது.

அக்டோபர் கடைசி. தேரா பக்கம் ஒரு பழைய கட்டடம், ஏழாவது மாடி. கதவைத் திறந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைக்காரத் தோல், ஒட்ட வெட்டிய முடி, அதில் ஒரு ஓரத்தில் நீலச் சாயம். பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர் என்று கீழே நாத்தூர், அதாவது கட்டடக் காவலாளி, சொல்லியிருந்தார். மேடம் அந்தக் கோட்டைத் தாண்டி நின்றுகொண்டு எங்களையும் தாண்டி வரும்படி கையைக் காட்டினார். தாண்டினோம்.

மருந்து அடிப்பதற்கு முன் ஏசியை அணைக்க வேண்டும், ஜன்னல்களை மூட வேண்டும். ஏசி நின்றதும் வீடு அமுங்கியது. இந்த ஊரில் வருடம் முழுக்க அந்த இரைச்சலிலேயே இருக்கிறோம், அது நின்றால்தான் அது இருந்ததே தெரியும். அந்த அமைதியில்தான் கூடத்தைப் பார்த்தேன்.

சுவரோரம் ஒரு குட்டை மேசை. அதன் மேல் கறுப்புத் துணி, கறுப்புப் பிடி போட்ட கத்தி, ஒரு பித்தளைக் கிண்ணம், வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம் செதுக்கிய மரத்தட்டு. ஒரு இளைஞனின் போட்டோ. பக்கத்தில் சுள்ளிகளைக் கட்டிச் செய்த விளக்குமாறு சாய்ந்து நின்றது. சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கு மட்டும் இலை போட்டதுபோல எல்லாம் வைத்திருந்தது. ரொட்டித் துண்டு, குறுக்காக வெட்டிய ஆப்பிள், எரிகிற மெழுகுவத்தி, ஒரு கோப்பை டீ. நாற்காலி கொஞ்சம் பின்னால் இழுத்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். நாற்காலியில் யாரும் இல்லை. டீயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

மேடம் ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார்.

"அண்ணே, கத்தி. கறுப்புத் துணி. வெளக்கமாறு. ஒண்ணும் குறையில்ல," என்றான் கூட்டாளி. "சூனியக்காரி வீடேதான்."

"சும்மா இருடா."

"இவளுக்கு எங்க தமிழ் தெரியப்போவுது? நம்ம ரெண்டு பேரையும் கரப்பானா மாத்திட்டு, நாளைக்கு வேற கம்பெனியக் கூப்பிட்டு மருந்து அடிப்பா பாருங்க. கோழிய எந்த ரூம்ல அறுக்கிறாளோ!"

மேடம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பையை எடுத்துக்கொண்டு, சாவியை நாத்தூரிடம் கொடுத்துவிடுங்கள் என்று கூட்டாளியிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டார். மெழுகுவத்தி எரிந்துகொண்டே இருந்தது.

கூட்டாளி போனை எடுத்து அந்தச் சாப்பாட்டு மேசையைப் படம் பிடித்தான். பின்னால் கத்தியும் நட்சத்திரமும் தெரிகிற மாதிரி நின்று எடுத்தான். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். நான் நினைத்து முடிப்பதற்குள் போன் அவன் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

பிறகு நான் வெள்ளைக் கோட்டைக் கவனித்தேன். ஜன்னல் ஓரங்களிலும் அதே கோடு. மலிவாகச் செய்து கொடுக்கும் கம்பெனிகள் இப்படித்தான் பொடியைக் கொட்டிவிட்டுப் போவார்கள். வேறு பொடி கிடக்கிற இடத்தில் நாங்கள் வைக்கும் ஜெல்லைக் கரப்பான் தொடாது. அதனால் பழைய பொடியை முதலில் எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் வேலையில் பாலபாடம். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு படுக்கையறை ஜன்னலில் ஆரம்பித்தேன். அடுத்து சமையலறை, கூடம், கடைசியாக வாசற்படி.

பாதி துடைத்திருப்பேன். கட்டைவிரலில் ஒரு பழைய வெட்டுக்காயம் இருந்தது, கிளவுஸ் அந்த இடத்தில் கிழிந்திருந்தது. சுரீர் என்று எரிந்தது. மருந்துப் பொடி இப்படி எரியாது. உப்பு.

உட்கார்ந்தபடியே இருந்தேன். எங்கள் வீட்டில் கண்ணேறு கழிக்கத் தலையைச் சுற்றி உப்பு போடுவார்கள், எனக்கும் போட்டிருக்கிறார்கள். வீட்டைச் சுற்றி உப்பு போட்டு நான் பார்த்ததில்லை. வெளியே இருக்கிற எதுவோ உள்ளே வராமல் இருக்கவா? இல்லை, உள்ளே இருக்கிற எதுவோ வெளியே போகாமல் இருக்கவா? பாதியில் விட்டால் நன்றாகவா இருக்கும் என்று மீதியையும் துடைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வேலைக்காரனின் கை, எடுத்ததை முடித்துவிடும்.

துடைத்துவிட்டுத் திரும்பினால் மெழுகுவத்தி அணைந்திருந்தது. வாசல் கதவு சாத்தியிருந்தது. புகை மட்டும் மெலிந்த நூலாகக் காலி நாற்காலிப் பக்கம் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

மருந்து அடிக்கும்போது நெருப்பு இருக்கக் கூடாது, எப்படியும் அணைத்திருக்கத்தான் வேண்டும். அவன் அணைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் குளியலறையில் டேங்கில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. வேலையை முடித்துக் கிளம்பும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. கோப்பையில் டீ பாதிதான் இருந்தது.

வேனில் கேட்டேன். "மெழுகுவத்தியை நீதானே அணைச்சே?"

"நான் எதுக்கு அதைத் தொடுறேன்? நீங்க அணைச்சீங்கன்னுல்ல நினைச்சேன்."

டீயைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று மாலையே அவனுக்கு வாந்தி ஆரம்பித்தது. சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் ஒரே ரூமில்தான் இருந்தோம். இரண்டு நாள் தண்ணீர் கூடத் தங்கவில்லை. என் கட்டைவிரல் வீங்கிச் சீழ் வைத்தது. அவன் படத்தை ரூமில் எல்லோருக்கும் காட்டினான். ஒருவர் விடாமல் ஆளுக்கொன்று சொன்னார்கள். நட்சத்திரம் சைத்தானின் குறி, ஆப்பிளில் மந்திரம் ஓதியிருக்கிறது, வெள்ளைக்காரர்களிலும் இப்படி ஒரு கூட்டம் உண்டு, குழந்தையைக்கூடப் பலி கொடுப்பார்களாம். நானும் நம்பினேன். நம்பவில்லை என்று இப்போது எழுதினால் பொய்.

மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்ததும் அவன் சொன்னான். "பதினஞ்சு நாள் கழிச்சு பாலோ-அப் போவோம்ல? வேலைய முடிச்சுட்டு எறங்கும்போது படத்தை நாத்தூர்ட்ட காட்டிருவேன். மிச்சத்தை அவங்க பாத்துக்குவாங்க."

அந்த மிச்சம் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த ஊரில் சூனியம் செய்கிறார் என்று ஒரு புகார் போனால் அது விளையாட்டில்லை. போலீஸ், ஜெயில், அப்புறம் ஊரைவிட்டே அனுப்பிவிடுவார்கள். அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் வேறு. வேண்டாம்டா என்று சொல்ல ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஆனால் அவன் வாந்தி எடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாதிக் கோப்பையையும் பார்த்திருக்கிறேன். உப்பைத் துடைத்து எதையோ திறந்துவிட்டவன் நான்தானோ என்றும் இருந்தது. அதை அவனிடமும் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் காலை பயங்கரப் பனிமூட்டம். ரோட்டில் வண்டிகளெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. கூட்டாளி டேங்கை இறக்கிக்கொண்டிருந்தான். நான் முதலில் மேலே போனேன். வராந்தா ஜன்னலுக்கு வெளியே ஊரே இல்லை, வெறும் வெள்ளை.

மணி அடித்தேன். கதவு திறந்தது.

"வாங்கோ அண்ணை," என்றார் மேடம்.

என் காதை நான் நம்பவில்லை. சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ்.

"உங்கட கூட்டாளி எங்க? என்னைச் சூனியக்காரி எண்டவர்?"

அவன் அப்போதுதான் லிப்டிலிருந்து வந்தான். டேங்க் கையிலிருந்து நழுவிச் சுவரில் மோதியது.

"பயப்பிடாதேங்கோ. இன்னும் ஒருத்தரையும் கரப்பானா மாத்தேல்லை. அம்மா யாழ்ப்பாணம், அப்பா இங்கிலாந்து. அண்டைக்கு நீங்கள் கதைச்சதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான். பதினைஞ்சு நாளா யோசிச்சனான், சொல்லுறதோ விடுறதோ எண்டு."

தரையைப் பார்த்தேன். வாசற்படியில் கோடு இல்லை. நான் துடைத்தபடியே இருந்தது. அதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மேடம், உங்க உப்பை நான்தான் துடைச்சேன். பொடின்னு நினைச்சுட்டேன். அப்புறம், இவன் போன்ல உங்க மேசை படம் இருக்கு. கீழ நாத்தூர்ட்ட காட்டப்போறான்."

"அண்ணே!" என்றான் அவன். "நாலு வருசமா கூட வர்றேன், வாயே தொறக்காத மனுசன். இன்னிக்கா தொறக்கணும்?"

மேடம் மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "காட்டினால் எனக்கு என்ன நடக்கும் எண்டு தெரியுமோ?"

"தெரியும். தெரிஞ்சுதான் காட்டப்போறேன். ரெண்டு நாள் குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி. நீங்க என்ன வச்சீங்க எனக்கு?"

"நான் ஒண்டும் வைக்கேல்லை. கேக்க வேண்டியதை எல்லாம் கேளுங்கோ. கேட்ட பிறகும் காட்டுறதெண்டால் காட்டுங்கோ."

அவன் உட்காரவில்லை. கதவுப் பக்கத்திலேயே நின்று போலீஸ்காரன் மாதிரி கேட்டான்.

"இது என்ன மதம்?"

"விக்கா எண்டு பேர்."

"சைத்தானைக் கும்பிடுறதுதானே?"

"எங்களிட்டை சைத்தான் எண்டு ஒரு ஆளே இல்லை. இல்லாத ஆளை எப்பிடிக் கும்பிடுறது? ஒரு அம்மன், ஒரு சாமி. நிலவு, சூரியன். அவ்வளவுதான்."

"கத்தி எதுக்கு?"

"காத்தில வட்டம் கீறுறதுக்கு. இதால ஒரு தக்காளி கூட வெட்டினதில்லை. தொட்டுப் பாருங்கோ, மொட்டை." அவன் தொடவில்லை. நான் தொட்டுப் பார்த்தேன். மொட்டைதான்.

"வெளக்கமாத்துல பறப்பீங்களா?"

"பறக்க ஏலுமெண்டால் நான் ஏன் காலமை ஆறு மணிக்கு டிராபிக்ல நிக்கிறன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் என்னை முறைத்தான்.

அவர் சொன்னதில் எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். தவறு இருந்தால் அது என் அறிவின் தவறு. அந்த நட்சத்திரத்தின் ஐந்து முனையும் மண், தண்ணீர், நெருப்பு, காற்று, உயிர். பலி கிடையாது, ரத்தம் கிடையாது. வருடத்தில் எட்டுப் பண்டிகை, வெயிலும் பருவமும் மாறுகிற கணக்கில் வரும். பௌர்ணமியும் முக்கியம். பெண்கள் மட்டும்தான் என்பதும் தவறு, ஆண்களும் இருக்கிறார்களாம். கூட்டமாகவும் செய்வார்கள், இவர்போல் தனி ஆளாகவும் செய்வார்கள். ஆயிரமாயிரம் வருடத்து ரகசிய மதம் என்று அதைச் சேர்ந்தவர்களிலேயே சிலர் சொல்வார்களாம். "அது சும்மா கதை," என்றார். "பழைய விசயங்கள் கனக்கச் சேர்த்திருக்கினம். ஆனால் இந்த உருவத்தில தொடங்கினது எங்கட அம்மம்மா காலத்திலதான், இங்கிலாந்தில." மந்திரம் என்று அவர்கள் சொல்வதும் பெரும்பாலும் வேண்டுதல்தான். அதையும் நம்புகிறவர் உண்டு, பண்டிகையோடு நிறுத்திக்கொள்கிறவரும் உண்டு.

"அப்ப யாருக்கும் சூனியம் வைக்க மாட்டீங்க?"

"ஒருத்தருக்கும் தீங்கில்லாமல் விரும்பினதைச் செய். எங்கட பெரிய கட்டளை அதுதான். நீ அனுப்பினது மூண்டு மடங்காத் திரும்பி வரும் எண்டும் கனபேர் நம்புகினம். பிறகு ஆர் அனுப்புவினம்?" அவர் அவன் கழுத்தைக் காட்டினார். "அது என்ன?"

"தாயத்து. காத்து கருப்பு அண்டாம இருக்க."

"எனக்கு உப்பு."

அவன் தாயத்தைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டான். ஆனாலும் விடவில்லை. "யாருமே இல்லாத நாற்காலிக்கு எதுக்குச் சாப்பாடு?"

அவர் போட்டோவைப் பார்த்தார். "என்ர தம்பி. போன வருசம் செத்தவன். எனக்கு லீவு கிடைக்கேல்லை. செத்தவீட்டைப் போனிலதான் பாத்தனான். அண்டைக்கு எங்களுக்குச் செத்தவையின்ர நாள். அவை கிட்ட வருவினம் எண்டு ஒரு இடம் போட்டு வைப்பம்." அந்தப் பண்டிகையின் பெயரையும் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. "அவனுக்கு விருப்பமான மாதிரித் தேத்தண்ணி போட்டனான். பால் விட்டு, மூண்டு கரண்டி சீனி."

"மூணு கரண்டியா?" என்றான் கூட்டாளி. குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஓம். பின்னேரம் வந்து பாக்கிறன், ஒரு இடத்திலயும் உப்பு இல்லை. கோப்பையில பாதித் தேத்தண்ணி. எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அவன் வந்து குடிச்சிட்டுப் போயிருக்கிறான் எண்டு… பதினைஞ்சு நாளா நான் அதைக் கழுவவே இல்லை."

கோப்பை கறுப்புத் துணியின் மேல், போட்டோவுக்கு முன்னால் இருந்தது. உள்ளே காய்ந்த டீயின் வட்டம். ஜன்னலுக்கு வெளியே பனி அப்படியே நின்றது. அவன் பேசாமல் இருந்துவிட்டிருக்கலாம். அவருக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

"நான்தாங்க குடிச்சேன்," என்றான்.

மேடம் அவனையே பார்த்தார்.

"அண்ணன் அங்கிட்டுத் துடைச்சுக்கிட்டு இருந்தாரு. வெளாட்டா… ஆறிப்போவுதேன்னு ரெண்டு மடக்கு. இனிப்புன்னா இனிப்பு, அப்படி ஒரு இனிப்பு. அப்புறம்தான் வாந்தி. செத்தவங்களுக்கு வச்சதைக் குடிச்சுட்டேன்னு அப்ப தெரியாதுங்க."

எனக்கு அப்போது உறைத்தது. "கிளவுஸைக் கழட்டினியா?"

"இல்ல."

"மருந்து பாட்டிலைத் தொட்ட கிளவுஸோட கோப்பையைப் பிடிச்சிருக்கே. விளிம்புல பட்டிருக்கும். வாந்தி வராம என்னடா வரும்? வேலை நேரத்துல பச்சைத் தண்ணி கூடத் தொடக் கூடாதுன்னு முதல் நாளே சொன்னேனா இல்லையா?"

என் வாழ்க்கையில் நான் யாரையும் அப்படி அதட்டியதில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். மேடம் எழுந்து போய்க் கோப்பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அழவில்லை.

"அப்ப உப்பு நீங்கள்," என்றார் என்னைப் பார்த்து. "தேத்தண்ணி நீங்கள்." அவனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் எதையோ எண்ணுவதுபோல நின்றார். "மெழுகுதிரியை அணைச்சது ஆர்?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"பயப்பிடாமல் சொல்லுங்கோ. நான் கோவிக்கேல்லை."

"நான் தொடலைங்க," என்றான்.

"நானும் தொடலை மேடம். வாசல் உப்பைத் துடைச்சு முடிச்சேன். திரும்பினேன். அணைஞ்சிருந்தது."

கேட்கக் கூடாதோ என்று இருந்தது, ஆனால் பதினைந்து நாளாக என்னைத் தின்றுகொண்டிருந்த கேள்வி. "அந்த உப்பு, உள்ள எதுவும் வராம இருக்கவா மேடம், இல்ல உள்ள இருக்கிறது போகாம இருக்கவா?"

"காவலுக்கு எண்டுதான் போடுறது. ஒருத்தரையும் கட்டி வைக்கிறது எங்கட வழி இல்லை." கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்டைக்கு நான் என்ன நினைச்சுப் போட்டனான் எண்டு… சொல்லத் தெரியேல்லை அண்ணை."

கூட்டாளி போனை எடுத்தான். "அழிச்சிர்றேங்க. யார்ட்டயும் காட்ட மாட்டேன். ரூம்ல காட்டினதோட சரி, ஒருத்தருக்கும் அனுப்பல. சத்தியமா."

"இருங்கோ. அழிக்க முன்னம் ஒருக்காப் பாக்கலாமோ?"

அவன் நீட்டினான். மேடம் படத்தைப் பெரிதாக்கினார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். ரூமில் எத்தனையோ முறை பார்த்த படம்தான். எல்லோரும் கத்தியையும் நட்சத்திரத்தையும்தான் பார்த்தோம். மெழுகுவத்தியை யாரும் பார்க்கவில்லை. சுடர் நேராக இல்லை. யாரோ ஊதினால் எப்படிப் படுக்குமோ அப்படி, காலி நாற்காலியை நோக்கிப் படுத்திருந்தது. அங்கே பக்கத்தில் ஆள் இல்லை. படம் எடுத்தவன் மேசைக்கு இந்தப் பக்கம், நாலு எட்டுத் தள்ளி நின்றான்.

"ஏசி?" என்றார் மேடம்.

"நிறுத்தியாச்சு."

"ஜன்னல்?"

"எல்லாம் மூடியிருந்தது."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள் என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கேட்டிருப்பேன். அவர் அழிக்கும் பட்டனைத் தன் விரலாலேயே அழுத்தினார். அழிக்கவா என்று போன் மறுபடியும் ஒருமுறை கேட்டது. மறுபடியும் அழுத்தினார்.

"இது இருந்தால் எனக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து," என்று போனைக் கொடுத்தார். பிறகு கோப்பையைச் சமையலறைக்குக் கொண்டுபோய்க் கழுவினார். தண்ணீர்ச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

நாங்கள் வேலையைப் பார்த்தோம். செத்த கரப்பான்களைக் கூட்டி எடுத்தேன். உயிரோடு ஒன்றும் இல்லை. அந்தச் சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் போகும்போது நாற்காலியில் இடித்துவிடாமல் ஒதுங்கிப் போனேன். அவனும் ஒதுங்கினான்.

கீழே நாத்தூர் எங்கள் அடையாள அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார். "ஏழாவது மாடியில் ஏதாவது பிரச்சினையா பாய்?" என்று ஹிந்தியில் கேட்டார். வழக்கமாக எல்லா வீட்டுக்கும் கேட்கிற கேள்விதான்.

கூட்டாளி ஒரு நிமிடம் நின்றான். "மாஃபி, ஒண்ணுமில்ல. கலாஸ், வேலை முடிஞ்சது," என்றான்.

வேனில் ஏறியும் அவன் வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பனியில் எதுவும் தெரியவில்லை. வைப்பர் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

"அண்ணே."

"சொல்லு."

"நெசமாவே நான் அணைக்கல."

"தெரியும்."

"நீங்க?"

"நானும் இல்லைடா."

அதற்குப் பிறகு கேம்ப் வந்து சேரும் வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கு வருடத்தில் அது அன்றைக்குத்தான்.